மறுதேர்வும் ஈட்டுத் தேர்ச்சியும்

முன்னுரை

கல்லூரி வளாகங்களில் இந்நாளில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'அரியர்' என்பதாகும். நிலுவை என்னும் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் தங்கி இவ்வடிவம் பெற்றது. தமிழ் வழக்குப்படி நோக்கின், அரியர் என்பதற்குக் கிடைத்தற்கு அரியவர் என்பதே பொருள். ஆயின் கல்லூரிகளில் அரியர் உடையோர் அரியரல்லர், பலராவர். அவருள்ளும் தம்மைக் கட்டுப்படுத்தும் விதி யாது என்பதை முழுமையாக அறிந்தவரே உண்மையில் அரியர்.

ஒரு தாளில் தோற்றவுடன் "எல்லாம் முடிந்தது" என்று ஊர் திரும்பும் மாணவரும் உளர். "எப்போது வேண்டுமாயினும் எழுதிக்கொள்ளலாம்" என்று காலம் கடத்தும் மாணவரும் உளர். இருவரும் விதியை அறியாதவரே. கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் பலர். அவர்கட்கு இவ்வறியாமையின் விலை மிகப் பெரிது. ஆகவே தோற்ற தாளை மீண்டும் எழுதும் விதிகளையும், ஒரு தாளின் குறையைப் பிற தாள்களின் நிறைவால் ஈடுசெய்யும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பின்னதை ஈண்டு 'ஈட்டுத் தேர்ச்சி' எனக் குறிப்போம்.

தேர்ச்சி என்பது யாது?

கள்ளக்குறிச்சிப் பகுதிக் கல்லூரிகள் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆளுகையில் இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடு இணைந்தன. 2021இல் இணைவுப் பொறுப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டது. பெயர்கள் மாறினும் தேர்ச்சி விதியின் அடிப்படை பெரிதும் மாறவில்லை.

இளநிலைப் பட்டப் படிப்பு பல பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். நான்காம் பகுதி சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி முதலியன. ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி. இவற்றுள் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே தேர்ச்சி பெற்றாலன்றிப் பட்டம் இல்லை. இளநிலைக்கு 40 விழுக்காடும் முதுநிலைக்கு 50 விழுக்காடும் தேர்ச்சிக்குரிய எல்லைகளாகப் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன.

இங்கு மாணவர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு தாளுக்குரிய 100 மதிப்பெண்களில் 25 கல்லூரியின் அகமதிப்பீட்டிற்கும் 75 பல்கலைக்கழகத் தேர்விற்கும் உரியன என்க. மொத்தத்தில் 40 பெற்றால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத் தேர்வில் தனியே 75க்கு 30 பெறுதல் வேண்டும். அகமதிப்பீட்டில் 24உம் எழுத்துத் தேர்வில் 28உம் பெற்ற மாணவிக்கு மொத்தம் 52. எனினும் அவர் தேர்ச்சி பெறவில்லை. அகமதிப்பீட்டில் 10உம் எழுத்துத் தேர்வில் 30உம் பெற்ற மாணவருக்கு மொத்தம் 40. அவர் தேர்ச்சி பெற்றார். 52 தோற்க 40 வெல்வது எங்ஙனம் என்று வீட்டிலுள்ள பெற்றோர் வினவுவர். ஒரே தாளுக்குள்ளும் ஈடுசெய்தலுக்கு எல்லை உண்டு என்பதே அதற்கு விடை.

மதிப்பெண்களைத் தரப்புள்ளிகளாக மாற்றும் முறை வந்த பின்னரும் நிலைமை இதுவே. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பத்துப் புள்ளி முறையில் 10 முதல் 4 வரையுள்ள புள்ளிகள் தேர்ச்சியைக் குறிப்பன. தோற்ற தாளுக்குப் புள்ளி சுழியமே. ஏனைய தாள்களில் எத்துணை உயர்ந்த புள்ளிகள் இருப்பினும் அச்சுழியத்தைத் தேர்ச்சியாக்க அவை உதவா. அத்தாளை மீண்டும் எழுதியே ஆகவேண்டும்.

மறுதேர்வின் விதிகள்

தேர்ச்சியில் கடுமை காட்டும் நம் விதிகள், மீண்டும் எழுதும் வாய்ப்பில் தாராளம் காட்டுகின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு பருவத்தில் தாள் நிலுவையானாலும் அடுத்த பருவத்திற்குச் செல்லத் தடை இல்லை. தோற்ற தாளை மட்டுமே மீண்டும் எழுதலாம். தேர்ச்சி பெற்ற தாள்களைத் திரும்ப எழுத வேண்டுவதில்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும் ஒட்டி நடைபெறும் பருவத் தேர்வுகளின்போது நிலுவைத் தாள்களும் எழுதப்படுகின்றன. முன்பு பெற்ற அகமதிப்பீடு பெரும்பாலும் அப்படியே கொள்ளப்படும்.

தேர்வில் தோற்றலும் வருகைக் குறைவும் ஒன்றல்ல என்பதை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை தேவை. 65க்கு மேல் 75க்குள் இருப்போர் உரிய கட்டணம் செலுத்திப் பொறுத்தருளல் பெற்று எழுதலாம். 50க்கு மேல் 65க்குள் இருப்போர் அப்பருவத் தேர்வை எழுத இயலாது. அடுத்த வாய்ப்பில் எழுதுவர். 50க்கும் குறைந்தால் அப்பருவத்தையே மீண்டும் பயில நேரும். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை. தாளில் தோற்றவர் இழப்பது ஆறு மாதம். வருகையை இழந்தவர் இழப்பது அதனினும் மிகுதி.

வாய்ப்புகள் பல எனினும் அவை எல்லையற்றவை அல்ல. பட்டத்தை முடித்தற்குரிய மொத்தக் காலம் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வழிகாட்டுதல் ஒன்றை வழங்கியது. படிப்பிற்குரிய ஆண்டுகளுக்கு மேல் 2 ஆண்டுகள் தரலாம். தனிச் சூழல்களில் மேலும் ஓராண்டு தரலாம் என்பது அதன் சாரம். மூவாண்டுப் படிப்பாயின் 5 ஆண்டுகள், மிகினும் 6 ஆண்டுகள். பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய மாணவர்க்குச் சிறப்பு வாய்ப்புகளை அறிவிப்பதுண்டு. ஆனால் அஃது அருளேயன்றி உரிமையன்று.

காலம் நீள நீள வேறோர் இடரும் சேரும். ஒரு மாணவருக்கு உரிய விதி அவர் சேர்ந்த ஆண்டின் விதியே. பாடத்திட்டம் மாறினால் பழைய பாடத்திட்டத்தில் சில முறைகளே தேர்வு நடக்கும். பின்னர் அதற்கு இணையான புதிய தாளை எழுத நேரும். 2021இல் இணைவு மாறியமையால், ஒரே வீட்டில் அண்ணனின் நிலுவைத் தாள் ஒரு பல்கலைக்கழகத்திற்கும் தம்பியின் தாள் வேறொன்றிற்கும் உரியதாதல் கூடும். விண்ணப்பிக்கும் இடம் எது என்பதை அறியாமலே தேர்வுக் காலத்தைத் தவறவிடுவோர் உண்டு.

மறுதேர்வில் வென்றவரின் பட்டம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பல்கலைக்கழகத் தரவரிசையும் தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்பும் முதல் முறையிலேயே தேர்ந்தவர்க்கு உரியன என்பதொன்றே வேறுபாடு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மறுதேர்வு எழுதுவோர்க்கு, அவர் எத்துணைச் சிறப்பாக எழுதினும், ஓர் எல்லைக்கு மேல் தரம் வழங்காமை வழக்கம். நம்மிடம் அத்தகைய குறைப்பு இல்லை. பெற்ற மதிப்பெண் பெற்றபடியே பதியப்படும்.

மலையும் சமவெளியும்

விதி எல்லார்க்கும் ஒன்றே. எனினும் அதன் சுமை எல்லார்க்கும் ஒன்றன்று. கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது. 1976இல்தான் அவ்வாட்சி நீங்கி அரசின் நேரடி நிர்வாகம் ஏற்பட்டது. சமவெளியில் பல்கலைக்கழகக் கல்வி தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் கடந்தபின்னரே மலைவாழ் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகட்குப் பள்ளிக் கதவு அகலத் திறந்தது. உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயின்று, வெள்ளிமலை வழியே இறங்கிக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர எவரும் இலர். வரலாற்றிலோ தமிழிலோ அவர் சிறந்து விளங்குதல் கூடும். ஆங்கிலத் தாள் மட்டும் அவரை வழிமறித்து நிற்கும்.

நவம்பர்த் தேர்வு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவது. ஓடைகள் பெருகி மலைச்சாலை தடைப்படும் நாளில் தேர்வுக்கூடத்தை வந்தடைதலே ஒரு தேர்வாகும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது, சாலையும் போக்குவரத்தும் முதன்மையான பொருள்களாக நின்றமை ஈண்டுக் கருதத்தக்கது. தேர்வுக்கு வாராதவர்க்கும் தோற்றவர்க்கும் விதி வழங்கும் தீர்ப்பு ஒன்றே: அத்தாளை மீண்டும் எழுதுக.

படிப்புக் காலம் முடிந்தபின் நிலை இன்னும் கடினமாகும். விடுதியில் இடம் இல்லை; வகுப்பு இல்லை; தாள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும்; வீட்டில் வேலை காத்திருக்கும். ஒரே ஒரு தாள் நிலுவையாயினும் பட்டம் இல்லை. பட்டம் இல்லையேல் கல்வியியல் படிப்பு இல்லை. பட்டத்தைத் தகுதியாக வைத்துத் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. மூன்றாண்டு உழைப்பும் நான்கைந்து மதிப்பெண்களில் தங்கிவிடுகிறது.

ஈட்டுத் தேர்ச்சி

இந்நிலையில் எழும் வினா: நான்கு தாள்களில் நன்கு தேர்ந்தவர் ஐந்தாம் தாளில் சிறிதே குறைந்தால், அக்குறையை ஏனைய தாள்கள் ஈடுசெய்யலாகாதா?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு மாணவர் தமிழில் 68, முதன்மைப் பாடங்கள் மூன்றில் 72, 66, 61, ஆங்கிலத்தில் 36 பெற்றார் எனக் கொள்வோம். மொத்தம் 303, சராசரி 60.6. நம் விதிப்படி அவர் ஆங்கிலத்தில் தோற்றவர். ஐந்திலும் 40 மட்டுமே பெற்ற மற்றொருவர் தேர்ந்தவர்.

பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இம்முடிவு வேறாக இருக்கும். அங்கும் இளநிலைத் தேர்ச்சிக்கு 40 மதிப்பெண்ணே வேண்டும். ஆயினும் 40க்குச் சற்றுக் கீழே ஒரு வரம்பு வைத்து, அவ்வரம்பிற்குள் வீழ்ந்த தாளை ஏனைய தாள்களின் சராசரி கொண்டு தேர்ச்சியாக ஏற்கின்றனர். மதிப்பெண் 36 என்றே இருக்கும். அதற்குரிய மதிப்பலகு மட்டும் வழங்கப்படும். பிரான்சு நாட்டின் இளநிலைப் படிப்பில் 20க்கு 10 என்பது தேர்ச்சி எல்லை. அங்கும் ஒரு பாடத்தில் 10க்குக் குறைந்ததை மற்றொன்றின் மிகுதி சராசரி வழியே ஈடுசெய்யும் மரபு உண்டு.

அந்நாடுகளும் இச்சலுகையைக் கட்டின்றி வழங்கவில்லை. பிரிட்டனின் பொறியியல் மன்றம் தன் ஏற்பு பெறும் படிப்புகட்கு வகுத்த விதி நோக்கத்தக்கது. இளநிலைப் படிப்பு முழுவதிலும் 30 மதிப்பலகுகளுக்கு மேல் ஈட்டுத் தேர்ச்சி கூடாது. தேர்ச்சி எல்லையிலிருந்து குறைவு 10 விழுக்காட்டை மீறலாகாது. பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு ஈடே கிடையாது. அங்கு இளநிலைப் பட்டம் 360 மதிப்பலகு கொண்டது. ஆகவே ஈடு பெறத்தக்கது பன்னிரண்டில் ஒரு பங்கே. பாலம் கட்டுபவர் கணக்கில் தோற்று, கட்டுரை எழுதுவதில் பெற்ற மதிப்பெண்ணால் பொறியாளர் ஆகிவிடக்கூடாது என்பதே இதன் கருத்து.

நம் நாட்டில் இதற்கு அணித்தாய் நிற்பது 'கருணை மதிப்பெண்'. தேர்வு முடிவுகளை ஆராயும் குழு, எல்லைக்கு மிக அருகில் நிற்போர்க்குச் சில மதிப்பெண்களைச் சேர்த்தளிப்பது அது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஈட்டுத் தேர்ச்சி மாணவர் முன்னரே அறிந்த விதி. அதற்குரிய பொருளை அவர் தம் உழைப்பால் ஈட்டியிருக்கிறார். கருணை மதிப்பெண்ணோ குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது. மாணவர் அதனை உரிமையாகக் கேட்க இயலாது.

இராமானுசன் எதிர்கொண்ட விதி

ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே தேர்ச்சி என்னும் இவ்விதி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உளது. கணிதமேதை இராமானுசன் 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்து ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எப்.ஏ. தேர்வெழுதித் தோற்றார். 1907இல் தனித்தேர்வராக மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். கணிதத்தில் அவர்க்கிருந்த நிறைவு ஆங்கிலத்திலும் உடலியலிலும் இருந்த குறைவை ஈடுசெய்ய அன்றைய விதி இடந்தரவில்லை.

1912இல் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணியேற்றார். 1913இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவர்க்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1916இல் கேம்பிரிட்சு அவர்தம் ஆய்விற்காகப் பி.ஏ. பட்டம் அளித்தது, 1918இல் அவர் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

இவ்வரலாற்றைக் காட்டித் "தோற்றாலும் மேதையாகலாம்" என்று ஆறுதல் கூறுவது எளிது. அஃது எம் கருத்தன்று. இராமானுசனுக்குக் கைகொடுத்தோர் பலர் வாய்த்தனர். அத்தகைய கை நீளாதவர் எத்துணைப் பேர் விதியின் அப்பக்கத்திலேயே நின்றுவிட்டனர் என்பதற்குக் கணக்கில்லை. நல்ல விதி என்பது மேதைக்கு மட்டுமன்றி, இடைநிலை மாணவருக்கும் வழிவிடுவதாக இருத்தல் வேண்டும்.

2020 தந்த பாடம்

அங்ஙனமாயின் எல்லா நிலுவைத் தாள்களையும் தேர்ச்சி என அறிவித்துவிடலாமா? அதற்கும் அண்மைக் காலம் விடை தந்துள்ளது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, இறுதிப் பருவத்தினர் நீங்கலாக, நிலுவைத் தாள்களுக்குக் கட்டணம் செலுத்திக் காத்திருந்த மாணவர் தேர்ச்சி பெற்றவராகக் கருதப்படுவர் எனத் தமிழக அரசு அறிவித்தது. மாணவரிடையே பெருமகிழ்ச்சி எழுந்தது. ஈரு நாள் கழித்து, இறுதியாண்டுத் தேர்வுகளை நடத்தாமல் பட்டம் வழங்கலாகாது என உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழக அறிவிப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வினவப்பட்டது. தேர்வே இன்றித் தேர்ச்சி என்பதை ஏற்றல் இயலாது, ஏதேனும் ஒருவகைத் தேர்வு நடத்துக என்பது 2021இல் அந்நீதிமன்றம் காட்டிய வழி.

எழுதாத தாளுக்குத் தேர்ச்சி வழங்குவது ஈட்டுத் தேர்ச்சி ஆகாது. ஈடு என்றால் ஒன்றுக்கு நிகராக மற்றொன்றை வைத்தல். வைக்கப் பொருள் ஏதுமின்றிப் பெறுவது ஈடன்று. அவ்வாறு பெற்ற பட்டம் முதலில் ஏழை மாணவரையே காட்டிக்கொடுக்கும். செல்வாக்குள்ளவர்க்குப் பட்டத்தின் மதிப்புக் குறையினும் வேறு துணை உண்டு. மலையிலிருந்து வந்தவர்க்கு அப்பட்டத்தின் மதிப்பொன்றே துணை.

செய்யத்தக்கன

மாணவர் செய்யத்தக்கன சில. முடிவு வந்தவுடன் மதிப்பெண் பட்டியலில் அகமதிப்பீட்டையும் எழுத்துத் தேர்வையும் தனித்தனியே நோக்குக. குறைவு சிறிதாயின் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றிற்குரிய நாளைத் தவறவிடற்க, அந்நாள்கள் சிலவே. நிலுவைத் தாளை அடுத்து வரும் வாய்ப்பிலேயே எழுதுக. இறுதியாண்டில் ஒரு தாள் மட்டும் நிற்குமாயின், உடனடித் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களில் அவ்வாய்ப்பைக் கேட்டறிக.

ஆசிரியர்கள், முதற்பருவ முடிவு வந்தவுடனே மொழித்தாள்களில் தோற்றோரைத் தனியே அழைத்துப் பயிற்சி அளித்தல் நன்று. ஆறாம் பருவத்தில் ஆறு தாள் நிலுவையோடு நிற்பவர்க்கு உதவுவதினும், முதற்பருவத்தில் ஒரு தாளோடு நிற்பவர்க்கு உதவுவது எளிது.

சமுதாயப் பெரியோர் முதலிடம் பெறுவோர்க்குப் பரிசளித்து மகிழ்கின்றனர், அது போற்றத்தக்கது. அதனோடு, படிப்பை முடித்தும் ஒரு தாளால் பட்டமின்றி நிற்போரைத் தேடிக் கண்டு, அவர்தம் தேர்வுக் கட்டணத்தையும் தேர்வு நாள்களில் தங்குமிடத்தையும் ஏற்பாராயின், சிறு தொகையால் ஒரு குடும்பம் முழுமையும் நிமிரும்.

பல்கலைக்கழகங்களும் வரம்புடைய ஈட்டுத் தேர்ச்சியை ஆராய்தல் தகும். முதன்மைப் பாடத்திற்கு ஈடு இல்லை. எழுதாத தாளுக்கு ஈடு இல்லை. படிப்பு முழுவதிலும் ஓரிரு தாள்களுக்கே ஈடு. குறைவு சில மதிப்பெண்களே இருத்தல் வேண்டும். சராசரி தெளிவாக உயர்ந்திருத்தல் வேண்டும். இவ்வேலிகளுக்குள் அமையும் சலுகை பட்டத்தின் தரத்தைக் குறைக்காது. கருணையின் இடத்தில் விதி நிற்கும்.

முடிவுரை

தேர்வு என்னும் சொல் தேர்தல், ஆராய்ந்து தெளிதல் என்னும் பொருளது. ஒருவரைத் தள்ளுவதற்காக மட்டும் அமைந்தது அன்று. நம் விதிகள் மீண்டும் எழுதும் வாயிலைத் திறந்து வைத்துள்ளன. ஈடு செய்யும் வாயிலை இன்னும் திறக்கவில்லை. திறந்துள்ள வாயிலை மாணவர் காலத்தே பயன்கொள்க. மூடியுள்ள வாயிலைப் பற்றி ஆசிரியரும் பல்கலைக்கழகத்தாரும் சிந்திக்க. நான்கு மதிப்பெண் குறைந்தமையால் மலையேறித் திரும்பிய பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, விதி மாறும்வரை காத்திராமல் நாம் இன்றே செய்யக்கூடிய பணியாகும்.